வறுத்த மணல்

சூயுன் மகனை அக்குளில் பிடித்துத் தூக்கி, பாதம் தரையில் படும்படி மெல்ல இறக்கினாள். தரை நெருங்கியதும் அவன் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டான். அழவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. தண்ணீரைக் கண்ட பூனை மாதிரி நிதானமாகக் காலை மேலே இழுத்துக்கொண்டு, அவள் கையில் மூட்டையாகத் தொங்கினான்.

மண்தரை குளிர்கிறது போலிருக்கிறது என்று அடுத்த நாள் கோரைப்பாயில் இறக்கிப் பார்த்தாள். மடக்கினான். அடுப்புப் புகை உள்ளே ஓடிச் சூடேறும் செங்கல் கட்டிலில் இறக்கினாள். அங்கே குளிர் ஏது? அதற்கும் மடக்கினான். பஞ்சுப் போர்வைமேல், தன் மடிமேல், கடைசியில் புருஷனின் பழைய சப்பாத்துமேல்கூட நிறுத்திப் பார்த்துவிட்டாள். எங்கே இறக்கினாலும் கால் மேலே போனது.

காலில் பலமில்லை என்றால் அந்த அளவில் மனம் ஆறியிருக்கும். ஆனால் மணல்பைக்குள் போட்டால் அவன் உதைத்தான். பையின் அடிப்பக்கம் உள்ளே எலி ஓடுவது போல ஏறி இறங்குவதை அவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். உள்ளே உதைக்கிற கால் வெளியே வந்தால் ஏன் மடங்குகிறது? பருத்திக்காய் உரிக்கும்போதும் மாவு பிசையும்போதும் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாப் பிள்ளைகளும் மணலில்தான் வளர்ந்தன. மஞ்சள் ஆறு எந்தக் காலத்திலோ தடம் மாறிப் போனபோது விட்டுப்போன படுகை ஊருக்குத் தெற்கே கிடந்தது. அதன் மணல் மாவு மாதிரி இருக்கும். அதைக் கொண்டுவந்து மாவுச் சல்லடையில் இரண்டு தரம் சலித்து, இரும்புச் சட்டியில் பருத்திமாறு போட்டு எரித்து வறுக்க வேண்டும். வறுத்தால் பூச்சி சாகும், ஈரம் போகும். பிறகு ஆறவிட்டு, இளஞ்சூட்டில் துணிப்பையில் கொட்டி, பிள்ளையை நெஞ்சுவரை உள்ளே இறக்கி, தோளில் பட்டி கட்டிக் கட்டிலில் கிடத்திவிடுவார்கள். பிள்ளை நனைத்தால் அந்த இடத்து மணல் உறிஞ்சிக்கொண்டு கட்டியாகிவிடும். கட்டியை எடுத்துப் போட்டுவிட்டுப் புது மணல் போட்டால் போதும். துணி துவைக்கிற வேலை இல்லை. தோலும் புண்ணாகாது. பிள்ளை கட்டிலிலிருந்து விழவும் செய்யாது.

சூயுன் வீட்டில் மணல் வேலை மாமனாருடையது. பாங் கிழவருக்கு மனைவி போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. பேரன் பிறந்ததும், யாரும் சொல்லாமலே சல்லடையைக் கையில் எடுத்துக்கொண்டார். வறுத்த மணலை ஒரு பிடி அள்ளித் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னம் பொறுத்தால்தான் பேரனுக்கு. தூன்ஸி என்று செல்லப்பேர் வைத்ததும் அவர்தான். கட்டை என்று அர்த்தம். அடிமரக் கட்டை மாதிரி யாரும் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று.

"மறுபடியும் வெளிய எடுத்துட்டியா, தூன்ஸி அம்மா?" என்று கேட்டுக்கொண்டே கிழவர் மணல் கூடையோடு உள்ளே வந்தார்.

"கொஞ்ச நேரந்தான் அப்பா. நிக்கிறானான்னு பாத்தேன்."

"நிக்கிற காலம் வந்தா நிப்பான். என் பிள்ளைங்க மூணும் மணல்லதான் வளந்துச்சு. உன் புருஷன் எப்ப நடந்தான்னு எவன் பாத்தான்? இப்ப பருத்தி மூட்டைய ஒத்தை ஆளா தூக்குறானா இல்லையா?"

"தூக்குறாரு."

"அப்புறம் என்ன? கொண்டா இங்க. மணலு ஆறிடும்."

அவள் கொடுத்தாள். மணலுக்குள் இறங்கியதும் தூன்ஸி ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு வயது முடிந்து நாலு மாதம் ஆன பிள்ளை, வீட்டுக்குத் திரும்பிய கிழவனைப் போல.

*

பனி விழுந்தபிறகு பருத்தி வெடிக்காது. வெடிக்காமல் நின்ற காய்களைப் பறித்து வந்து வீட்டில் குவித்து, கையால் உரித்துப் பஞ்செடுக்க வேண்டும். காய்ந்த ஓடு நகக்கண்ணைக் கிழிக்கும். அன்று ஊரின் பெண்கள் பொறுப்பாளர் ஃபான் அக்கா வந்து உட்கார்ந்து தானும் இரண்டு காய் உரித்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கையை வேலையில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள்.

"கட்டைன்னு பேரு வச்சீங்க, அது கட்டையாவே கெடக்கு" என்றாள், கட்டிலைப் பார்த்து. "என் பேத்தி இவனுக்கு மூணு மாசம் இளையவ. பையை விட்டு எடுத்தா முட்டி போட்டு ஓடுறா. இவன் ஒக்காரும்போதே சாயுறான்."

"பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இருக்கும் அக்கா" என்றான் சூயுனின் புருஷன் தேஷுன்.

"இருக்கும் தம்பி. நான் இல்லைன்னு சொல்லல." ஃபான் அக்கா ஓட்டைத் தூர எறிந்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். அதை மாத்த என்னால ஆகாது. ஆனா மூத்தது ஊனம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா ரெண்டாவதுக்கு அனுமதி குடுக்குறாங்க. வசந்தத்துல பருத்தி விதைக்கிறதுக்கு முன்னால அதை முடிவு பண்ற கமிட்டி உக்காரும். விட்டுட்டா அடுத்த வருஷம் சட்டம் எப்படி இருக்குமோ, யாரு கண்டா?"

தேஷுன் இன்னொரு காயை உடைத்தான்.

"கேட்டு வைக்கிறதுல என்ன தப்பு?" என்றான் தேஷுன், சூயுனைப் பார்க்காமல். "நிலத்தை வீடு வீடாப் பிரிச்சுக் குடுத்தாச்சு. நாளைக்கு எனக்கு முடியாமப் போனா எவன் உழுவான்?"

கிழவர் தலையை ஆட்டினார். "ரெண்டாவது ஒண்ணு இருந்தா இவனுக்கும் தொணைதானே. நம்ம காலத்துக்குப் பிறகு இவனை யாரு பாப்பா?"

கெட்ட எண்ணத்தில் அவர்கள் பேசவில்லை. அது சூயுனுக்குத் தெரியும். பயமே அதில்தான் இருந்தது. ஊனம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அவனுக்குப் பாவம் பார்ப்பார்கள், சோறு போடுவார்கள், மணல் மாற்றுவார்கள். ஏன் காலை மடக்குகிறான் என்று மட்டும் இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

"டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். "ஆனா எழுதி வாங்கப் போகல. என்னன்னு கேக்கப் போறோம்."

*

சைக்கிளின் பின்னால் பிள்ளையைப் பஞ்சு அங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். எதிர்க்காற்றில் தேஷுன் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான்.

டாக்டர் மெங்குக்கு முப்பது வயது இருக்கும். குளிருக்குக் கையை அங்கியின் கைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூன்ஸியின் முட்டியைத் தட்டினார், முதுகை நீவினார், குப்புறப் போட்டார். பிறகு ஒரு கிலுகிலுப்பையை அவன் கையில் கொடுத்து, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்கி, மேசைமேல் வைத்துத் தன் தொப்பியால் மூடினார்.

தூன்ஸி தொப்பியைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"இந்த வயசுப் பிள்ளை தொப்பியத் தூக்கிப் பாக்கும்" என்றார் டாக்டர். "கண்ணுக்கு மறைஞ்சாலும் சாமான் அங்கேயேதான் இருக்குன்னு அதுக்குத் தெரியும். எடுத்து, போட்டு, மறுபடி எடுத்து விளையாடித்தான் அது தெரிய வரும். இவனுக்கு மறைஞ்சது இல்லாமலே போயிடுச்சு. பையில எவ்வளவு நேரம் கெடக்கான்?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னால மாமனாரும் நாங்களுமா மூணு பேரும் வயலுக்குப் போவோம்" என்றாள் சூயுன். "இருட்டினப்புறம் வருவோம். மதியம் நான் மட்டும் ஒரு நடை வந்து பால் குடுப்பேன்."

"பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்கமாட்டாங்க" என்றாள் சூயுன்.

"அழமாட்டானா?"

"அழவே மாட்டான் டாக்டர்" என்றான் தேஷுன், இதையாவது நல்லதாகச் சொல்ல முடிகிறதே என்று. "எங்க தெருவுலயே இவன்தான் சாது."

"முதல்ல அழுதிருப்பான்" என்றார் டாக்டர்.

சூயுன் பிள்ளையின் தொப்பி நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டியிருந்தது சரியாகத்தான் இருந்தது.

"எலும்புல குறையில்ல. நரம்பும் வேலை செய்யுது. ஊனம்னு இப்ப எழுத மாட்டேன். இல்லைன்னும் எழுத மாட்டேன். பையை விட்டு எடுங்க. அவன்கிட்ட பேசுங்க. பனியில உறைஞ்ச நிலம் இளகினதும் கொண்டாங்க, பாப்போம்."

"எடுத்தா காலை மடக்கிக்கிறானே டாக்டர்? அதுக்கு என்ன செய்ய?"

"பழகணும்."

"எப்படி?"

"அது எனக்குத் தெரியல, அக்கா. நான் இங்க பாக்குறது டவுன் பிள்ளைங்களை, அதுங்க பையில வளந்ததில்ல."

*

திரும்பும் வழியில் சூயுன் யோசித்தாள். மாமனார் சொன்னது பொய்யில்லை. தேஷுனும் மணலில் வளர்ந்தவன்தான். ஆனால் அப்போது வயல் எல்லாருக்கும் பொது. நடுவில் வேலையை விட்டு அம்மாக்கள் பால் கொடுக்க வருவார்கள். வேலைக்குப் போகமுடியாத பெரியம்மாக்களும் சித்திகளும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து துணிச் சப்பாத்துக்கு அடி தைப்பார்கள். மணல்பைகளை வெயிலில் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒவ்வொரு கன்னத்தையும் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். பிள்ளைக்குக் கால் மணலில் இருந்தது. கண்ணும் காதும் ஊர் நடுவில் இருந்தன. நிலம் பிரிந்தபிறகு அவரவர் வயலுக்கு அவரவர் ஓடினார்கள். மணல் மட்டும் பழையபடி இருந்தது. தூன்ஸிக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம், புகை படியாமலிருக்க உத்தரத்தில் ஒட்டியிருந்த செய்தித்தாள்தான்.

மறுநாளே பையைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தாள். நனைத்தாலும் துணி ஈரமாகாதபடி அடிப்பக்கம் திறந்த கால்சட்டை ஒன்று தைத்துப் போட்டுவிட்டாள். தூன்ஸி கட்டிலில் சாய்ந்தான், சரிந்தான், போர்வையை நனைத்தான். குளிர்காலத்தில் நனைந்த போர்வை காய்வதில்லை. கொடியில் போட்டால் பலகையாக விறைத்து நின்றது. அதைவிட, அவன் அழ ஆரம்பித்தான். காலை எதன்மேலும் வைக்கமாட்டாமல், படுத்தபடி காலைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் அழுதான். அழுகை வந்ததே நல்லது என்று முதலில் அவள் நினைத்தாள். இரண்டு நாளில் அந்த நினைப்பும் தேய்ந்துவிட்டது.

ஒருநாள் கிணற்றிலிருந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தூன்ஸி பைக்குள் கிடந்தான். கிழவர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா?" என்றாள்.

"அழுது அழுது உதடு நீலமாயிருச்சு. என்னால பாக்க முடியல."

"டாக்டர் சொன்னாரு—"

"டாக்டர் மணலு வறுத்திருக்கானா? நான் வறுத்திருக்கேன். உள்ளங்கையெல்லாம் காச்சுப்போற அளவுக்கு வறுத்திருக்கேன். என் கையால பக்குவம் பண்ணின மணலு என் பேரனைக் கெடுத்துடுச்சு, அதத்தானே நீ சொல்ற?"

"நான் அப்படிச் சொல்லல அப்பா."

"சொல்லாட்டி என்ன. பெட்டி மேல சுருட்டி வச்சியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அன்று மாலை தினைக்கஞ்சியும் உப்பில் ஊறிய முள்ளங்கியும் மூன்று பேர் முன்னாலும் அப்படியே ஆறிப்போயின. பை திரும்பவும் பழக்கத்துக்கு வந்தது. தேஷுன் மட்டும், "கமிட்டிக்கு இன்னும் நாள் இருக்கு" என்று எழுந்து போனான்.

*

புத்தாண்டு கழிந்து, காற்றில் கடுமை கொஞ்சம் குறைந்த ஒரு காலை. கிழவர் புது மணலை வறுத்துக் கட்டிலின் ஓரத்தில் பாய்மேல் ஆறப்போட்டுவிட்டு, பையிலிருந்த ஈரக்கட்டியைக் கொட்ட வெளியே போயிருந்தார். அதுவரைக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் சூயுன். அடுப்பில் சோளமாவுக் கட்டி அவிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றுகிற வாசனை வந்தது. தூன்ஸியை அக்குளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மணல் குவியலைத் தாண்டித் திரும்பினாள். பிடி கொஞ்சம் நழுவியது. அவன் பாதம் குவியலில் பட்டது.

கால் மடங்கவில்லை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். தூன்ஸியின் விரல்கள் மணலுக்குள் விரிந்தன. பாதம் கணுக்கால் வரை இறங்கி, அங்கே நின்றது. முட்டி நடுங்கியது. அவள் கையில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்தது. குறைந்த பாரம் எங்கே போனது? அவன் காலுக்குப் போயிருந்தது.

அடுப்பில் கட்டி தீய்ந்தது. அவள் அசையவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பாதம் பிறந்த நாள் முதல் ஒன்றைத்தான் அறியும். அது வெதுவெதுப்பாக எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கும். அழுத்தினால் முதலில் விலகிக்கொடுக்கும், பிறகு தாங்கும். பாயும் செங்கல்லும் மண்தரையும் அப்படியில்லை. அவை அடியில் மட்டும் இருக்கின்றன, விலகிக்கொடுப்பதும் இல்லை. இத்தனை நாளும் காலுக்குப் பலம் இருந்தது. தெரிந்த இடம்தான் இல்லாமலிருந்தது.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க. இன்னொரு சட்டி மணலு வறுக்கணும்."

கிழவர் வாசலில் நின்று பார்த்தார். பையை மடித்துக் கையில் பிடித்திருந்தார். "மறுபடி பைக்கா?"

"பைக்கு இல்ல. அந்தப் பெரிய கூடைத்தட்டு இருக்கே, பருத்தி உலத்துறது, அதுல பரப்ப. கணுக்கால் முங்குற அளவுக்கு."

கிழவர் பேரனின் காலைப் பார்த்தார். பிறகு பருத்திமாறு ஒடிக்கப் போனார்.

கூடைத்தட்டைக் கட்டிலில் வைத்து மணல் பரப்பினார்கள். முதல் நாள்களில் பிடித்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டியிருந்தது. மணல் ஆறினால் கால் மேலே போய்விடும். கிழவர் ஆறவிடவில்லை. ஒரு வாரம் போனதும் சூயுன் ஒரு கிண்ணம் மணலை எடுத்துவிட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. பிறகு இன்னொரு கிண்ணம். ஒருமுறை அவசரப்பட்டு இரண்டு கிண்ணம் எடுத்தாள். உடனே காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான். திரும்பப் போட்டாள்.

வயல் வேலை தொடங்கியபோது, எருக் கொட்ட அவளும் தேஷுனும் போனார்கள். கிழவர் வீட்டில் தங்கினார். கூடைக்கு எதிரே உட்கார்ந்து கயிறு திரித்தார். பேச ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை சூயுன் நினைவுபடுத்தியபோது, "கைப்பிள்ளைகிட்ட நான் என்னத்தப் பேச?" என்றார். அன்று மாலை அவள் வாசலில் வந்து நின்றபோது உள்ளே அவர் குரல் கேட்டது. எந்த வருஷம் வெட்டுக்கிளி வந்தது, எந்தக் கழுதை யாரை உதைத்தது என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், "என்னடா, நம்பலையா?" என்றார்.

மணலில் காய்ந்த இலந்தைப்பழத்தை ஒளித்து வைக்க ஆரம்பித்ததும் அவர்தான். முதலில் பாதி தெரிய வைத்தார். பிறகு நுனி மட்டும். பிறகு ஒன்றும் தெரியாமல்.

*

நிலம் இளகியது. டாக்டர் மெங் மறுபடியும் கிலுகிலுப்பையைத் தொப்பியால் மூடினார். தூன்ஸி தொப்பியைப் பார்த்தான். கையை நீட்டி அதன்மேல் வைத்தான். தூக்கவில்லை. மணலைக் கிளறுவது போல விரலால் சுரண்டினான். தொப்பி நகர்ந்து மேசையிலிருந்து விழுந்தது.

"ஊனம்னு எழுத முடியாது" என்றார் டாக்டர். "பின்தங்கியிருக்கான். இந்நேரம் பத்துப் பதினஞ்சு வார்த்தை வந்திருக்கணும், இவனுக்கு ஒண்ணுகூட வரல. வருமா, எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

வழியில், "அப்ப ரெண்டாவது இல்ல" என்றான் தேஷுன்.

"இல்ல."

பாலத்தருகே சைக்கிளை நிறுத்திப் பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கி, முன்கம்பியில் தன் கைகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டான். தூன்ஸி மணியைத் தொட்டான். தேஷுன் அவன் விரலைப் பிடித்து அதை அழுத்தினான், அது அடித்தது. வீடு வரும்வரை அது அடித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் ஃபான் அக்கா வந்தாள். கமிட்டிக்கு என்ன சொல்ல என்று கேட்க வந்தவள், கட்டிலைப் பார்த்துக் கேள்வியை விட்டுவிட்டாள். கூடையில் மணல் ஒரு விரற்கடைகூட இல்லை. அடிப் பின்னல் அங்கங்கே தெரிந்தது. தூன்ஸி பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் அகட்டி நின்றான். எதிரே இருந்த கிழவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, ஓரத்தில் குவித்திருந்த மணலில் தோண்டினான்.

"என் மருமகளும் இப்ப விடியுமுன்னே வயலுக்குப் போறா" என்றாள் ஃபான் அக்கா, குரலைத் தாழ்த்தி. "பேத்தி ஒரு மாசமாப் பையில தனியாதான் கெடக்கு. இப்பல்லாம் அழுறதில்ல. என்ன செஞ்சே, சூயுன்? சொல்லு."

சூயுன் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மணலை வறுங்க, எப்பவும் போல. பையில போடாதீங்க, கூடைத்தட்டுல கணுக்கால் முங்கப் பரப்புங்க. சூடு ஆறாம பிள்ளைய அதுல நிறுத்துங்க. அது பயப்படாம நின்னா ஒரு கிண்ணம் மணலு எடுங்க. பயந்தா திரும்பப் போடுங்க. அடி தெரியுற வரைக்கும் இப்படியே. அப்புறம் ஒரு ஆளு எதிர்ல உக்காரணும், தினமும். அது அழுதா அந்த ஆளு திரும்பிப் பாக்கணும்."